கோரல் தொட்டால் நிற்கும் மெஷின்

லாரி முற்றத்துக்குள் பின்பக்கமாக வந்து நின்றபோது டோரிஸ் மறுபடியும் நின்றுபோயிருந்தது.

டோரிஸ் என்பது மெஷினின் பெயர். யார் வைத்த பெயர் என்று யாருக்கும் நினைவில்லை. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, இரும்பு அச்சுக்குள் பீய்ச்சி, ஆறவைத்து, சொட்டுநீர்க் குழாய்களுக்கான இணைப்புத் துண்டுகளாக வெளியே தள்ளும் பெரிய பச்சை யானை அது. தெற்கு ஆஸ்திரேலியாவில் லாக்ஸ்டனைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களிலும் ஆரஞ்சுத் தோட்டங்களிலும் மண்ணுக்கடியில் கிடக்கிற இணைப்புகளில் பாதி டோரிஸ் போட்ட குட்டிகள்தான். கோடையில் அதன் மூளை எரிந்துபோனது. மூளை என்றால் ஒரு அலமாரி நிறைய, தானாகத் திறந்து மூடும் சின்ன மின்சுவிட்ச்சுகளான ரிலேக்களும் ஒரு கண்ட்ரோல் கார்டும். அந்தக் கார்டை இப்போது யாரும் செய்வதில்லை, புது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று செய்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். புது மெஷின் வாங்குகிற நிலையில் பட்டறை முதலாளி ஸ்டாத்தி இருந்திருந்தால், இந்த லாரி வந்திருக்காது.

டிரைவர் டார்சி இறங்கிவந்து கதவோரம் நின்றான். "அச்சு எல்லாம் எங்கே இருக்கு? இருட்டறதுக்குள்ள அடிலெய்டுல இறக்கணும்."

"இன்னும் முடிவாகல," என்றார் ஸ்டாத்தி.

"முடிவாகாமலா லாரியைக் கூப்பிட்ட?"

ஸ்டாத்தி ரோவீனாவைப் பார்த்தார். அவள் மெஷினின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, உள்ளே தலையை நுழைத்திருந்தாள். காலணியின் அடிப்பாகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

ஏற்பாடு இதுதான். இன்று சாயங்காலத்துக்குள் டோரிஸ் ஒழுங்காக ஓடினால் அச்சுகள் இங்கேயே இருக்கும். ஓடாவிட்டால் அவை அடிலெய்டில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போகும். அவர்கள் தங்கள் மெஷினில் அடித்துத் தருவார்கள், ஸ்டாத்தி வாங்கி விற்பார். அச்சு போய்விட்டால் பட்டறையில் மிச்சமிருப்பது ஒரு தகரக் கொட்டகையும் ஒரு பச்சை யானையின் பிணமும்தான். கொடிகள் துளிர்விடத் தொடங்கிவிட்டன. இன்னும் காத்திருக்கத் தோட்டக்காரர்கள் தயாராக இல்லை.

"ரோ," என்றார் ஸ்டாத்தி. "ஏதாவது தெரியுதா?"

"சிவப்பு லைட் தெரியுது," என்றது மெஷினுக்குள்ளிருந்து ஒரு குரல்.

ரோவீனாவுக்கு ஐம்பத்தொரு வயது. ரென்மார்க் பக்கம் ஒரு சிறு பீச் தோட்டத்தில் பிறந்தவள். ஆற்றுத் தண்ணீரின் விலை ஏறியபோது அப்பா மரங்களைப் பிடுங்கிப்போட்டார்; அவள் பழச்சாறு ஆலையில் எலெக்ட்ரீஷியன் வேலை கற்கப் போனாள். அந்த ஆலைக்கு வந்த முதல் பெண் அவள். ஏணியைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிட்டால் இரண்டு பேர் வருவார்கள், வேலைக்குக் கூப்பிட்டால் ஒருவனும் வரமாட்டான். அங்கே டாம் என்ற ஒருவன் ஜாம் இறங்கும் குழாயில் மாட்டியிருந்ததை எடுக்கக் கையை விட்டு, இரண்டு விரல்களை விட்டுவிட்டு வந்தான். அதிலிருந்து ரோவீனா ஓடுகிற எந்த மெஷினுக்குள்ளும் கை விடுவதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த நீளமான மரக்கரண்டி ஒன்று எப்போதும் அவள் பின்பாக்கெட்டில் இருக்கும். ஆலை மூடியது. சில வருடம் பேக்கிங் கொட்டகையில் ஆரஞ்சு பொறுக்கினாள். பிறகு நாத்தனார் கோரல்தான் ஸ்டாத்தியிடம் பேசி இங்கே சேர்த்துவிட்டாள். கணவன் லெய்டன் லைரப் படகுத்துறையில் வேலை செய்கிறான். கார்களை ஏற்றிக்கொண்டு மர்ரே ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும், அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கும் போவான். "என் தம்பி நாள் பூரா பயணம் பண்ணுவான், ஒரு ஊருக்கும் போய்ச் சேரமாட்டான்," என்பாள் கோரல்.

டோரிஸ் செத்தபோது, அதற்கு வேறு மூளை வைக்கலாம் என்று சொன்னவள் ரோவீனாதான். பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும் என்றாள். மெஷின்களை ஓட்டுவதற்கென்றே ஒரு புரோகிராம் இருந்தது. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, வரி வரியாகத் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தார்கள். கடைசல் மெஷின்களுக்காக எழுதியது. அதற்கு அச்சை மூடவும், பீய்ச்சவும், ஆறும்வரை காத்திருக்கவும், திறக்கவும் கற்றுத்தர வேண்டியிருந்தது. குளிர்காலம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சந்தேகம் வந்தால் அந்தப் புரோகிராம்காரர்கள் பேசிக்கொள்ளும் இணையக் கூடத்தில் கேட்பாள். பெரும்பாலும் பதில் சொன்னவர் ஹெய்க்கி என்ற ஃபின்லாந்துக்காரர்.

"என்னைவிட அந்த ஹெய்க்கிகூடத்தான் நீ அதிகமாக் குடும்பம் நடத்தற," என்றான் லெய்டன்.

"அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றார்."

ஹெய்க்கி ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். மெஷினின் முன்னால் இருக்கும் தள்ளுகதவைக் காக்கிற பொறுப்பைப் புரோகிராமிடம் விடக்கூடாது. கம்ப்யூட்டருக்குக் கையும் தெரியாது, விரலும் தெரியாது. அதற்கு எல்லாம் ஒன்றும் பூஜ்யமும்தான். கதவுக்குத் தனிக் கம்பி, தனிக் காவல் வை என்றார். ரோவீனா அப்படியே செய்தாள். கதவின் பின்னால் ஏற்கெனவே இருந்த பழைய சுவிட்ச்சோடு, கதவின் மறுஓரத்தில் புதிதாக இன்னொன்றை வைத்தாள். பழைய சுவிட்ச்சைப் புரோகிராமும் பார்க்கும். புதுசு காவல் ரிலேவுக்கு மட்டும். கதவு திறந்தால் இரண்டும் திறந்தது என்று சொல்லவேண்டும், மூடினால் இரண்டும் மூடியது என்று சொல்லவேண்டும். ஒன்று ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் சாட்சி சொன்னால் ரிலே சிவப்பு விளக்கைப் போட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கதவு திறந்திருக்கும்போது அச்சு மூடாதபடி குறுக்கே விழுகிற இரும்புத் தடுப்பு ஒன்றும் பழைய காலத்தில் இருந்தது. எப்போதோ உடைந்து யாரோ கழற்றிப்போட்டது. புதுசு சொல்லியிருந்தாள், இன்னும் வந்துசேரவில்லை.

போன வாரம் முழுவதும் ரோவீனா தனியாக ஓட்டிப் பார்த்தபோது டோரிஸ் வெண்ணெய் மாதிரி ஓடியது. இன்று காலையில்தான் கோரல் வழக்கம்போல மெஷின் முன்னால் வந்து நின்றாள். அப்போதிலிருந்து சிவப்பு விளக்கு.

"நீ ஏதாவது தொட்டியா?" என்று ரோவீனா காலையிலேயே கேட்டிருந்தாள்.

"தொடாம எப்படி வேலை செய்யறது? கதவைத் திறந்தேன், துண்டை எடுத்தேன், மூடினேன்."

"வேற எதையும்?"

"வேற எதைத் தொடப்போறேன்? இருபது வருஷமா இதுகூட நிக்கறேன். உன் கம்ப்யூட்டரை நான் ஏறெடுத்தும் பார்க்கல."

அது உண்மை. கோரல் பொய் சொல்கிறவள் இல்லை. பெரிய உடம்பு, பெரிய குரல், கழுத்துப் பட்டையில் நாலைந்து மரத் துணிக் கிளிப்புகள் குத்திய ஏப்ரன். கையுறை காயப்போட, பையைக் கட்ட, முடியைத் தூக்கிவிட, எல்லாவற்றுக்கும் அவளுக்குத் துணிக் கிளிப்புதான்.

இப்போது ரோவீனா மெஷினுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். "எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க. நான் தனியா ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்."

வெளியே வெயிலில் மேசை போட்டிருந்தது. ஸ்டாத்தியின் மனைவி கொடுத்தனுப்பிய, கீரை அடைத்துச் சுட்ட ரொட்டி இருந்தது. டார்சி தன் இறைச்சி பஃப்பை லாரியிலிருந்து எடுத்து வந்து அதன்மேல் தக்காளி சாஸைக் கவிழ்த்துக்கொண்டான். அவர்கள் உட்கார்ந்ததுமே உள்ளே டோரிஸ் மூச்சுவிடத் தொடங்கியது. ஸ்ஸ், டொம். பீய்ச்சும் இரைச்சல். அமைதி. பிறகு திறக்கிற சத்தமும், கூடையில் துண்டுகள் விழுகிற சத்தமும். மறுபடியும். மறுபடியும். ஸ்டாத்தி கையில் பிடித்த ரொட்டியோடு அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடுதே," என்றான் டார்சி.

"ஓடும்," என்றாள் கோரல். "நான் உள்ளே போனா நிக்கும். பாரு."

சொன்னபடியே ஆயிற்று. கோரல் கையைத் துடைத்துக்கொண்டு போய் மெஷின் முன்னால் நின்றாள். முதல் சுற்று நன்றாக வந்தது. கதவைத் திறந்தாள். சிவப்பு.

"இதுக்கு என்னைப் பிடிக்கல, அவ்வளவுதான்," என்றாள் கோரல். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். ஆனால் கை ஏப்ரன் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் அவளை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

ரோவீனா மறுபடியும் மண்டியிட்டாள். வயரா? புது சுவிட்ச்சா? ஹீட்டர்கள் எரியும்போது கம்பியில் ஏறுகிற இரைச்சலா? அப்படியானால் தான் ஓட்டும்போது ஏன் இல்லை? புது சுவிட்ச்சை மாற்றினாள். கம்பியை வேறு வழியாக இழுத்துக் கட்டினாள். தரையில் கால் வைக்கிற இடத்தைக்கூடப் பார்த்தாள், கோரலின் கனத்தில் ஏதாவது அசைகிறதா என்று. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்க்கவேண்டியதை எல்லாம் பார்த்து முடித்து, கோரலைக் கூப்பிட்டு நிற்கவைத்தாள். சிவப்பு.

வெளியே டார்சி லாரியின் பின்கதவை இறக்கினான். "நான் ஏத்த ஆரம்பிக்கறேன் ஸ்டாத்தி. ஓடிச்சுன்னா இறக்கிடலாம்."

ஸ்டாத்தி தலையாட்டினார். முதல் அச்சைத் தூக்கிக்கொண்டு ஃபோர்க்லிஃப்ட் போயிற்று. அது போன வழியைப் பார்த்துவிட்டு ஸ்டாத்தி ரோவீனாவின் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அந்தக் காவல் ரிலேதானே நிறுத்துது? புரோகிராம் இல்லையே?"

"ரிலேதான்."

"புரோகிராம் சரியாத்தான் இருக்குங்கற."

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப அந்த ரிலேவைத் தாண்டி ஒரு துண்டு வயரைப் போடு. இன்னிக்கு மட்டும். வாட்ச்மேன் தூங்கினா வீடு என்ன ஓடியா போயிடும்?"

"வீடு ஓடாது. திருடன் வருவான்."

"ரோ, நான் உன்னைக் கட்டாயப்படுத்தல." வெளியே சங்கிலி உரசும் சத்தம் கேட்டது, இரண்டாவது அச்சு. "ஆனா அது போயிட்டா திரும்பி வராது. உனக்கே தெரியும்."

தெரியும். தான்தான் முடியும் என்று சொன்னவள். குளிர்காலம் பூராவும் ஸ்டாத்தி காத்திருந்தது அவள் வாக்கை நம்பித்தான். கருவிப்பெட்டியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வயரை வெட்டி, இரண்டு முனையையும் சீவினாள். வயர் சிவப்பு நிறமாக இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. வேறு நிறம் கைக்கு அகப்படவில்லை.

"நான்தான் ஓட்டுவேன்," என்றாள். "வேற யாரும் கிட்ட வரக்கூடாது. கோரல், தள்ளிக்கோ."

"கொஞ்சம் இரு, நான்..."

"தள்ளிக்கோன்னேன்ல."

குரல் உயர்ந்துவிட்டது. கோரல் வாயை மூடிக்கொண்டு, கையைக்கூட நீட்டாமல், அப்படியே இரண்டடி ஒதுங்கி நின்றாள். ரோவீனா வயரை மாட்டினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

டோரிஸ் ஓடியது.

மூடியது, பீய்ச்சியது, ஆறியது, திறந்தது. ரோவீனா கதவைத் தள்ளித் திறந்து, கரண்டியால் துண்டுகளைத் தட்டிக் கூடையில் விழவிட்டு, கதவை மூடினாள். மூடிய அதே நொடியில் அச்சு மூடியது. மறுபடி. மறுபடி. ஸ்டாத்தி முகத்தில் வெளிச்சம் வந்தது. "டார்சி, அங்கேயே நிறுத்து," என்று கத்தினார். டார்சி வந்து எட்டிப் பார்த்தான்.

"இவ என்ன சூப் கிண்டறாளா?"

"கிண்டல் பண்ணாதே," என்றார் ஸ்டாத்தி. "ஆனா ரோ, ஃபுட்பால்ல மரக்கரண்டி கடைசியா வர்ற டீமுக்குத்தானே கொடுப்பாங்க?"

ரோவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதோ ஒன்று பொருந்தவில்லை. அவள் கதவை மூடியதால்தான் அச்சு மூடுகிறது என்று முதலில் நினைத்தாள். நாலைந்து முறைக்குப் பிறகு, கதவுக்கும் அச்சுக்கும் இடையே அந்தச் சொந்தம் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்தது. அது அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அதன் பாட்டுக்கு மூடுகிறது. அவள் கதவு தற்செயலாக அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. அதை இன்னும் யோசித்து முடிக்கவில்லை. அதற்குள் ஒரு துண்டு அச்சிலேயே ஒட்டிக்கொண்டது.

கதவு திறந்திருந்தது. கரண்டியை உள்ளே விட்டு நெம்பினாள். வரவில்லை. இடதுகை தானாகவே உயர்ந்து, உள்ளே போக ஒரு கணம் துடித்தது. டாமின் கை நினைவுக்கு வந்ததா, இல்லையா, அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கரண்டியை இன்னும் ஆழமாக விட்டாள்.

அச்சு மூடியது.

கதவு அகலத் திறந்து கிடக்க, அத்தனை டன் இரும்பும் நிதானமாக, மரியாதையாக வந்து மூடியது. கரண்டி முறியும் சத்தம் ஒரு சின்னச் சத்தம்தான், காய்ந்த கொடியை ஒடித்தது மாதிரி. கைப்பிடி அவள் கையில் இருந்தது. அவள் சிவப்பு பட்டனை அடித்தாள். அச்சைத் தள்ளும் பம்ப் நின்றது.

ஸ்டாத்தி தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். டார்சி தொப்பியைக் கழற்றிவிட்டான், ஏதோ சாவு வீட்டில் நிற்பது போல.

"கதவு திறந்திருக்கு," என்றாள் ரோவீனா மெதுவாக. "ஆனா பழைய சுவிட்ச் மூடியிருக்குன்னு சொல்லுது." மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு கதவுச் சட்டத்தின் பின்னால் கையை விட்டுத் தடவினாள். கண்ணுக்குத் தெரியாத மூலை அது. விரலில் ஏதோ தட்டுப்பட்டது. உருவி வெளியே எடுத்தாள்.

ஒரு மரத் துணிக் கிளிப்.

பழைய சுவிட்ச்சின் உருளையை எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கும்படி, அளவாகச் செருகப்பட்டிருந்தது. கிளிப்பின் உள்பக்கம் தேய்ந்து, உருளையின் வளைவுக்கு ஏற்றபடி குழி விழுந்திருந்தது.

எல்லாரும் கோரலைப் பார்த்தார்கள்.

"என்ன?" என்றாள் கோரல்.

"எதையும் தொடலைன்னியே."

"நான் எதைத் தொட்டேன்? அது கிளிப்." கோரலுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வேலைக்கு வந்ததும் மாட்டறது. போகும்போது எடுத்துக்கறது. எனக்கு முன்னாடி இங்க நின்ன ஐரிஸ் காட்டிக்கொடுத்தது. அதைப் போட்டா கதவை முழுசா இழுத்து மூடவேண்டாம், பாதி திறந்தபடியே ஓட்டலாம். தோள்பட்டை தப்பிக்கும். ஏப்ரன் மாட்டற மாதிரிதான் ரோ. ஏப்ரன் போட்டியான்னு நீ கேட்கலையே."

"சாப்பிடப் போகும்போது..."

"எடுத்துக்கிட்டுத்தான் போனேன். என் கிளிப்பை இங்கேயே விட்டுட்டா போவேன்? இப்பதான் எடுக்க விடாம நீ துரத்தின."

ஸ்டாத்தி கிரேக்க மொழியில் ஏதோ முணுமுணுத்தார். "எல்லாருக்கும் தெரியுமா இது?" என்று கேட்டார்.

"மெஷின்ல நிக்கறவங்களுக்குத் தெரியும். உனக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் சொல்றதில்ல. அது வழக்கம்." கோரல் சொல்லிக்கொண்டே வந்தவள், அச்சுக்கு நடுவே பிதுங்கிக்கொண்டிருந்த கரண்டித் துண்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வலதுகையை ஏப்ரன் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். "பழைய மூளையிருந்தப்ப மூடறதுக்கு முன்னால டொக்குன்னு ஒரு சத்தம் வரும்," என்றாள். "அதைக் கேட்டதும் கையை எடுத்துடுவேன்."

"அந்தச் சத்தம் போட்ட ரிலேயெல்லாம் குப்பைக்குப் போயாச்சு."

"ம்."

காலையிலிருந்து அந்தச் சிவப்பு விளக்கு எத்தனை முறை எரிந்ததோ, அத்தனை முறையும் கோரலின் கை உள்ளே போகப் பார்த்திருக்கிறது. ரோவீனாவுக்கு அது இப்போதுதான் உறைத்தது. முதலில் அந்தச் சிவப்பு வயரைப் பிடுங்கி, இரண்டாக, நாலாக வெட்டிக் குப்பையில் போட்டாள். கரண்டித் துண்டுகளைச் சுரண்டி எடுத்து, அச்சின் முகத்தில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். இல்லை.

"இறக்கணுமா, ஏத்தணுமா?" என்றான் டார்சி. இந்த முறை குரலில் அவசரம் இல்லை.

"இரு," என்றார் ஸ்டாத்தி. பிறகு ரோவீனாவைப் பார்த்து, "நான்தான் வயரைப் போடச் சொன்னேன்," என்றார்.

"போட்டது நான். இரும்புத் தடுப்பு வரும்வரை யாரோட கையும் உள்ளே போகக்கூடாது. இன்னொரு கரண்டி வேணும்."

"என் வீட்டுக்காரிகிட்ட நூறு இருக்கு."

"கோரல், வா. வந்து நில்லு. அந்தக் கிளிப்பெல்லாம் இப்படிக் குடு."

"எல்லாமா?"

"எல்லாம்."

கோரல் கழுத்துப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தாள். கடைசியாக முடியில் இருந்ததையும் கழற்றினாள். நரைமுடி முகத்தில் விழுந்தது. "இதெல்லாம் என் வீட்டுக் கொடியிலிருந்து வந்தது. கணக்குப் பார்த்துத் திருப்பித் தரணும்."

மெயின் ஸ்விட்ச்சின் பூட்டு திறந்தது. பச்சை விளக்கு. கோரல் கதவை முழுதாக இழுத்து மூடினாள். டோரிஸ் மூடியது, பீய்ச்சியது, ஆறியது, திறந்தது. கோரல் கதவை முழுதாகத் தள்ளினாள். ரோவீனா விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பச்சைதான். கோரல் நீளமான இரும்புக் கம்பி ஒன்றால் துண்டுகளைத் தட்டினாள். கதவை மூடினாள்.

"ஐயோ, எத்தனை நேரம் எடுக்குது. இந்த வேகத்துல போனா கிறிஸ்துமஸுக்குத்தான் முதல் கூடை நிறையும்."

"நிறையட்டும்," என்றார் ஸ்டாத்தி.

அவர் அங்கேயே நின்று பார்த்தார். ஒரு கூடை நிறைந்தது. இரண்டாவது கூடை பாதிக்கு வந்தது. வெயில் கொட்டகையின் மறுபக்கம் சாய்ந்தது. டார்சி லாரி படியில் உட்கார்ந்து கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருமுறைகூட சிவப்பு வரவில்லை. ஸ்டாத்தி வெளியே போய் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அதன் முன்னால் அச்சு ஒன்று சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது, வந்த வழியே.

ரோவீனா ஹெய்க்கிக்கு என்ன எழுதுவது என்று யோசித்தாள். ஃபின்லாந்தில் துணிக் கிளிப் இருக்குமா? இருக்கும், அங்கேயும் துணி காயவேண்டுமே. வயரைப் பற்றியும் எழுதவேண்டும். அவர் திட்டுவார், திட்டட்டும்.

கோரல் ஒவ்வொரு முறையும் கதவைத் தேவைக்கு மேல் பலமாக அடித்துச் சாத்திக்கொண்டிருந்தாள். டம். ஒவ்வொரு டம்முக்கும் ஒரு வார்த்தை திட்டினாள். டோரிஸையா, ஐரிஸையா, ரோவீனாவையா என்று சொல்வதற்கில்லை. இந்த வேகத்தில் சாத்தினால் புது சுவிட்ச் ஆறு மாதம்கூடத் தாங்காது.

சாத்தட்டும் என்று ரோவீனா விட்டுவிட்டாள். இன்னொரு சுவிட்ச் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.